அரைவிலைக்கு ஒரு சோடி

அக்கா,

மெல்பேர்னின் வெரிபீயில், தானமாக வரும் பழைய பொருள்களை விற்கும் நம் வழக்கமான கடையின் பின்வாசலில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து இருக்கையில், நீங்கள் உட்காரும் இடத்தில், உங்கள் நீலப் பெட்டி திறந்து கிடக்கிறது. முகப் பவுடரும் இமை ஒட்டும் பசையும் சேர்ந்த அந்த வாசனை கார் முழுக்க நிறைந்துவிட்டது. கண்ணாடியை இறக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் இருவரும் வாழ்ந்த வீட்டை அண்ணா விற்றுவிட்டார். அடுத்த வாரம் சிட்னிக்கு, மகனிடம் போகிறார். உங்கள் சேலைகளை யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டதாம். நேற்று தெருவைத் தாண்டி வந்து இந்தப் பெட்டியைத் தன் கையாலேயே என் காரில் ஏற்றினார். "இதை நீர்தான் கொண்டுபோய்க் குடுக்க வேணும், தங்கச்சி. நான் போனால் திருப்பிக் கொண்டு வந்திடுவன்" என்றார்.

கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். கறுப்பு நீளக் கையுறை இருக்கிறது. இடுப்பை இறுக்கும் கோர்செட், இறகு விசிறி, பச்சை மேலங்கி, ஒட்டியாணம் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் காணவில்லை. பெட்டியின் ஓரப் பையில் கைவிட்டுப் பார்த்தேன். கையுறையின் விரல்களுக்குள்ளும் துழாவினேன். இல்லை. அண்ணாவுக்கு அழைத்தால் எடுக்கவில்லை. வீட்டைத் துப்புரவு செய்கிறேன் என்று குப்பையில் போட்டுவிட்டாரோ என்று நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு மணிக்கு மேல் இந்தக் கடையில் பொருள் வாங்க மாட்டார்கள். ஆனாலும் அவர் திருப்பி அழைக்கும்வரை நான் இந்தப் பெட்டியைக் கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் முதன்முதலில் விஷயத்தைச் சொன்னதும் இதே காரில்தான். அண்ணாவுக்கு வேலை இருந்ததால், மருத்துவமனையிலிருந்து உங்களை நான் அழைத்து வந்துகொண்டிருந்தேன். ஒரு மார்பை எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இப்போது வேறு இடத்தில் திரும்ப வந்துவிட்டது என்று அன்றுதான் சொன்னார்கள். அழுதுவிடக் கூடாது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். நீங்களோ சாவகாசமாக, ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு ஆட்ட வகுப்புக்குப் போவதாக ஆரம்பித்தீர்கள். தோள் இறுகிப்போகாமல் இருக்க ஏதாவது ஆடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களாம். நீங்கள் போய்ச் சேர்ந்தது பர்லெஸ்க். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். பாட்டுக்கு ஆடிக்கொண்டு, சபையைச் சீண்டிக்கொண்டு, போட்டிருப்பதை ஒவ்வொன்றாகக் கழற்றுவது என்றீர்கள். அன்று நான் சிவப்பு விளக்கில் பிரேக் போட்டது கடவுள் புண்ணியம்.

அடுத்த மாதம் வகுப்பு முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு சின்ன மேடையில் எல்லோரும் ஆளுக்கு ஒரு ஆட்டம் ஆடுகிறார்கள், அதற்கடுத்த வாரம் உங்களுக்கு மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னீர்கள்.

"மருந்து தொடங்கினால் என்னால நிக்க ஏலாது, பிள்ளை. இது ஒருக்காத்தான். ஒரு வருசமா என்ர உடம்பை எல்லாரும் ரிப்போட் பாக்கிற மாதிரித்தான் பாக்கினம். அவரும்தான். ஒருக்காலாவது ஆராவது கைதட்டிப் பாக்கட்டும்."

அண்ணாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் உங்கள் ஒரே நிபந்தனை. அவர் கத்துவாரா என்று கேட்டேன். கத்தினால் நீங்களும் கத்திவிட்டுப் போய் ஆடுவீர்களாம். அவர் கத்தாமல், சுகம் வந்த பிறகு ஆடலாம் என்று தலையைத் தடவிச் சொல்வாராம். அதற்குப் பிறகு உங்களால் வீட்டைவிட்டு இறங்க முடியாதாம். ஒரு வாளித் தண்ணீரைக்கூட உங்களைத் தூக்கவிடாத மனிதர் அவர். நீங்கள் சொன்னது எனக்குப் புரிந்தது.

கரூரில் பெண்கள் பள்ளியில் படித்து, இங்கே மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு வந்தவள் நான். கள்ளத்தனம் என்பது எனக்குச் சுத்தமாக வராது. உங்களுக்கோ அது அல்வா சாப்பிடுவது மாதிரி இருந்தது. மளிகை வாங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவோம். இந்தக் கடையில் ஒவ்வொரு நாளும் ஒரு நிற விலை அட்டைக்கு அரைவிலை. வாசலில் நின்று இன்று என்ன நிறம் என்று பார்த்த பிறகுதான் நீங்கள் உள்ளே நுழைவீர்கள். யாரோ கல்யாணத்துக்குப் போட்டுக் கழித்த கையுறை மஞ்சள் அட்டை. தலையணை உறைகளுக்கு நடுவே கிடந்த கோர்செட் நீலம். நீல நாள் எப்போது என்று விசாரித்துவிட்டு, அதுவரை வேறு யாரும் எடுத்துவிடாதபடி அதை ஒரு பழைய திரைச்சீலைக்குள் சுருட்டி அடித்தட்டில் ஒளித்து வைத்தீர்கள். அது நியாயமில்லை என்று நான் முணுமுணுத்தேன். "நீர் பேசாமல் இரும். சாமானுக்கு ஆள் தெரியும்" என்றீர்கள். நீல நாளில் போனால் அது அப்படியே இருந்தது.

அந்தச் சிவப்புப் பொட்டை மட்டும் பழையதாக வாங்க மாட்டேன் என்று நின்றீர்கள். மேலாடை எல்லாம் போன பிறகு முலைக்காம்பை மறைக்க ஒட்டிக்கொள்ளும் அந்த வட்டத்துக்கு என்னமோ ஒரு பெயர் உண்டு. நாம் வைத்த பெயர் பொட்டு. ப்ரன்ஸ்விக்கில் ஒரு நாடக உடைக் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். சிவப்பு மின்னி தைத்து, நடுவில் குஞ்சம் தொங்க, ஒரு சோடி அட்டையில் குத்தி வைத்திருந்தது. மூக்கில் வளையம் போட்ட ஒரு பையன் கல்லாவில் இருந்தான். எனக்கு ஒன்றுதான் வேண்டும், பாதி விலைக்குத் தா என்று நீங்கள் கேட்டீர்கள். சோடியைப் பிரித்து விற்பதில்லை என்றான். நீங்கள் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. என்னிடம் ஒன்றுதானே இருக்கிறது, இரண்டை வைத்து நான் என்ன செய்ய என்று இங்கிலீஷில் கேட்டீர்கள். அவன் முகம் வெளுத்துவிட்டது. நான் பக்கத்து அலமாரித் தொப்பிகளைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். சோடியையே பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

அவன் பரிதாபப்பட்டுவிட்டான், உங்களுக்கு வலித்திருக்கும் என்று நான் பயந்துகொண்டே காரில் ஏறினேன். நீங்கள் வாயெல்லாம் பல்லாக இருந்தீர்கள். "பாத்தீரோ, முழுச் சோடியும் அரைவிலைக்கு." ஒன்றைப் பிரித்து என் கைப்பையில் போட்டீர்கள். "இது எனக்கு வேண்டாம். நீர் வச்சிரும்." அது என் காசுப் பையின் சின்ன அறைக்குள் போனது. அன்று முதல் அங்கேயேதான் இருக்கிறது.

ஒரு பக்கத்துக்குப் பொட்டு ஆயிற்று. மறுபக்கத்தில் இருந்த தழும்பை வெறுமனே விட முடியாது, அதன்மேல் ஜரிகை ஓட வேண்டும் என்றீர்கள். நாம் கிளேட்டனுக்குப் போனது அதற்காகத்தான். அங்கே ஒரு மண்டபத்தில் சேலைத் தள்ளுபடி விற்பனை. அதை நடத்தும் அம்மாவை நீங்கள் சேலை அன்ரி என்பீர்கள். மெல்பேர்னில் எந்த வீட்டில் என்ன விசேஷம் என்பது அந்த வீட்டாருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தங்க ஜரிகை கிடைத்தது. திரும்பும்போது ஒரு ஒட்டியாணம் உங்கள் கண்ணில் பட்டது. ஒரு கல் விழுந்திருந்தது. அந்த ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டே நீங்கள் விலையைக் குறைக்க, சேலை அன்ரி என்னைப் பார்த்து, யாருக்கு இதெல்லாம் என்று கேட்டார்.

நான் ஏதாவது நவராத்திரிக் கொலு என்று சொல்லியிருக்கலாம். மாறுவேடப் போட்டி என்று சொல்லியிருக்கலாம். "எம் பொண்ணுக்கு ஆன்ட்டி. அரங்கேற்றம்" என்றேன். எப்போது என்றார். என் மண்டைக்குள் இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதுவே வாயில் வந்துவிட்டது.

இந்த ஊரில் ஒரு அரங்கேற்றம் என்றால் ஒரு வருடத்துக்கு முன்பே மண்டபம் பிடித்து, சென்னையில் நகை செய்யக் கொடுத்து, அட்டை அடித்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அரங்கேற்றத்தை வைத்துக்கொண்டு, கல் விழுந்த ஒட்டியாணத்துக்குப் பேரம் பேசுகிற தாயை அவர் அன்றுதான் பார்க்கிறார். குரு யார் என்றார். சிட்னியில் ஒருவர், ஆன்லைனில் என்றேன். அட்டை எங்கே என்றார். வீட்டு ஆட்களோடு சின்னதாகச் செய்கிறோம் என்றேன். "அரங்கேற்றத்தைச் சின்னதாய்ச் செய்யிறதோ?" என்று அவர் ஒட்டியாணத்தைப் பொதிந்து கொடுத்த விதத்திலேயே அவர் மனம் முறிந்தது தெரிந்தது. என் மகள் அப்போது நெட்பால் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தட்டடவுக்கும் நட்டடவுக்கும் வித்தியாசம் தெரியாது.

காரில் நீங்கள் என்னைத் திட்டவில்லை. ஏன் அந்த நாளைச் சொன்னீர் என்று மட்டும் கேட்டீர்கள். தள்ளி வைத்துவிட்டோம் என்று நாளைக்கே சொல்லிவிடவா என்றேன். வேண்டாம், பொய்யை மாற்றினால் இன்னும் நாலு பேர் விசாரிக்க வருவார்கள் என்றீர்கள். அந்த வாரம் முழுக்க வாசல் மணி அடித்தால் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன நேரத்துக்குக் காரை எடுத்து உங்கள் வாசலில் நிறுத்தினேன். கதவு திறந்தது. வெளியே வந்தது அண்ணா. வேட்டி, சால்வை, நெற்றியில் திருநீறு. கையில் மினுங்கும் தாளில் சுற்றிய ஒரு சின்னப் பொதி. அவருக்குப் பின்னால் நீலப் பெட்டியோடு நீங்கள் நின்றீர்கள். உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை.

கோயிலில் சேலை அன்ரி அவரைப் பிடித்திருக்கிறார். எங்களுக்கு ஒரு சொல்லும் இல்லை, எதிர்வீட்டுக்காரர் உங்களுக்காவது சொன்னார்களா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொன்னால் தனக்கல்லவா குறைவு என்று நினைத்து, முதலில் எங்களைத்தான் கூப்பிட்டார்கள் என்று அண்ணா சொல்லிவிட்டார். காலையில்தான் உங்களிடம் நானும் வாறன் என்றாராம். என்னைத் தொலைபேசியில் அழைக்க அவர் உங்களுக்கு இடமே கொடுக்கவில்லை. இதையெல்லாம் காரில் அவர் வாயாலேயே கேட்டேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம், தங்கச்சி. பரவாயில்லை, உமக்கு ஆயிரம் வேலை" என்றார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

பெட்டியை அவர் பின்னால் வைக்க விடவில்லை. பிள்ளையின் உடுப்பு கசங்கிவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டார். அண்ணா இளமையில் மிருதங்கம் பழகியவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே. நட்டுவாங்கம் யார், மிருதங்கம் யார், வர்ணம் என்ன ராகம் என்று பாலம் தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். நான் எல்லாவற்றுக்கும் சிட்னி, சிட்னி என்றேன். பிள்ளை எங்கே என்றார். அப்பாவோடு முன்னால் போய்விட்டாள் என்றேன். நீங்கள் முன் இருக்கையில் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். இறங்கும்போது திட்டமிட்டு ஏதாவது செய்வீர்கள், தலைசுற்றுகிறது என்று திரும்பிவிடுவீர்கள் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதைத்தான் வேண்டிக்கொண்டேன்.

ஆட்டம் நடக்கும் இடம் ஒரு மதுக்கடைக்கு மேலே இருந்த மாடி அறை. வாசலில் இறகு வைத்த ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருந்தது. அண்ணா பெட்டியோடு நின்று, அந்தப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உங்களைப் பார்த்தார்.

"அரங்கேற்றம் இவவின்ர பிள்ளைக்கில்லை. எனக்கு" என்றீர்கள்.

எப்போது பழகினீர் என்று அவர் கேட்டார். அவர் நினைத்தது பரதம்.

"இது பரதமில்லை. உடுப்பை ஒண்டொண்டாக் கழட்டி ஆடுறது. ஆம்பிளையளும் பாப்பினம். உங்களுக்கு விருப்பமில்லாட்டி கீழ நில்லுங்கோ. நான் ஆடத்தான் போறன்."

நீங்கள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அண்ணா பெட்டியைக் கீழே வைத்தார். சால்வையைச் சரிசெய்தார். சந்தைப் பக்கமாக நடந்து போனார். பொதி அவர் கையிலேயே இருந்தது.

உடை மாற்றும் அறையில் உங்கள் விரல்கள் ஒரு கொக்கியையும் பிடிக்கவில்லை. நான்தான் கோர்செட்டை மாட்டினேன். நான்தான் தழும்பின் மேல் பசை தடவி ஜரிகையை ஒட்டினேன். அது தோளுக்குக் கீழிருந்து விலாவரை ஓடியது. என் விரல் பட்ட இடமெல்லாம் உங்களுக்குச் சிலிர்த்தது. "அவர் போயிட்டாரோ, பிள்ளை? ஒருக்காப் பாரும்" என்றீர்கள். அந்த ஒரு மாதத்தில் நீங்கள் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். ஓடிப்போய் ஜன்னலில் பார்த்தேன். தெருவில் வேட்டி கட்டிய யாரும் இல்லை. காணோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தீர்கள். "சரி. ஒட்டியாணத்தைக் கட்டும்" என்றீர்கள்.

பாட்டு ஆரம்பித்தது. நீங்கள் விசிறிக்குப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டி வந்தீர்கள். நான் மேடை ஓரத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். கையுறையை விரல் விரலாகப் பல்லால் இழுத்தீர்கள். முன்வரிசை கூச்சல் போட்டது. இந்த ஆட்டத்துக்குச் சத்தம் போடுவதுதான் மரியாதை, பேசாமல் பார்த்தால்தான் அவமானம் என்று நீங்கள் எனக்குச் சொல்லித் தந்திருந்தீர்கள். எனக்குக் குரல் வரவில்லை. ஒட்டியாணத்தைக் கழற்றிச் சுழற்றினீர்கள். அப்போதுதான் அறையின் கடைசியில், கதவோரத்தில், வெள்ளை வேட்டியைப் பார்த்தேன். அண்ணா எப்போது மேலே ஏறி வந்தார் என்று தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை. நீங்களும் பார்த்துவிட்டீர்கள். ஒரு அடி தவறியது. இத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

நீங்கள் அந்த அடியை விட்ட இடத்திலிருந்து பிடித்தீர்கள். கோர்செட் போயிற்று. மேலங்கியை இழுத்து மூடிக்கொண்டு, முதுகைக் காட்டி, தோளுக்கு மேலால் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு திரும்பி இரண்டு கையாலும் மேலங்கியைத் திறந்தீர்கள். ஒரு பக்கம் சிவப்புப் பொட்டு. மறுபக்கம் தங்க ஜரிகை. கூரை அதிர்ந்தது. நான் அழுதேன், கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. அண்ணா கைதட்டவில்லை. அவருடைய வலது கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை.

அப்புறம் அவர் நடந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. அந்த அரையடி மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அரங்கேற்றத்தில் ஆடி முடித்த பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, இரண்டு கையாலும் பொதியை உங்களிடம் நீட்டினார். நீங்கள் ஒரு கையால் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாங்கினீர்கள். இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உள்ளே இருந்தது என் மகள் அளவுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு. உங்கள் காலுக்கு ஏறவில்லை. திரும்பி வரும்போது, ட்ருகனினாவில் நம் தெருவுக்குள் கார் நுழைந்த பிறகுதான் அண்ணா, அந்தச் சிவப்பைச் சோடியாக அல்லவா விற்பார்கள், மற்றது எங்கே என்று கேட்டார். "இவவிட்ட இருக்கு. அரைவிலைக்கு வாங்கினனாங்கள்" என்றீர்கள். அவர் சிரித்தார். அந்த வருடத்தில் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அது.

மருந்து தொடங்கி நீங்கள் மெலிந்தபோது அந்தக் கொலுசு உங்கள் மணிக்கட்டுக்குச் சரியாக வந்தது. வார்டில் யார் கேட்டாலும், இது இவவின் அரங்கேற்றத்துக்கு நான் குடுத்தது என்று அண்ணா சொல்வார். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பீர்கள். கடைசியில் அதைக் கழற்ற வேண்டாம் என்று அவர்தான் சொன்னார். அது உங்களோடு போயிற்று. சேலை அன்ரி இன்னும் எங்கே கண்டாலும் அரங்கேற்றப் படங்களைக் கேட்கிறார். அனுப்புகிறேன் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நழுவுகிறேன்.

இதோ, அண்ணா அழைக்கிறார்.

எடுத்ததும் எடுக்காததுமாகக் கேட்டுவிட்டேன். "அண்ணா, அந்தச் சிவப்புப் பொட்டு பெட்டில இல்லையே. தொலைஞ்சிடுச்சா?"

பெட்டிகளை இழுக்கும் ஓசை கேட்டது.

"தொலையேல்லை, தங்கச்சி. அது என்னட்டக் கிடக்கட்டும். மற்றது உம்மட்ட இருக்குத்தானே."

இருக்கு அண்ணா என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். கோபப்பட்டதற்கு அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. நான் கோபப்பட்டதே அவருக்குத் தெரியாது.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இன்று பச்சை நாள், அக்கா. உங்கள் கோர்செட்டுக்கு என்ன நிறம் ஒட்டப் போகிறார்களோ, எந்தப் பெண் அதைத் திரைச்சீலைக்குள் ஒளித்து வைக்கப் போகிறாளோ. வாங்கிக்கொண்ட அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, விசிறியை விரித்து விசிறிக்கொண்டார். பிறகு என் கையைப் பார்த்தார். காசுப் பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை, பொட்டு என் உள்ளங்கையில் இருந்தது. அதுவும் கொடுப்பதற்கா என்று கேட்டார். இல்லை என்று விரலை மடக்கினேன். ஒன்றுதான் இருக்கிறதா, சோடி தொலைந்துவிட்டதா என்று பாவமாகக் கேட்டார்.

தொலையவில்லை, மற்றது சிட்னிக்குப் போகிறது என்றேன்.